அறுபது காலுக்கு ஐந்து நாள்

திங்கட்கிழமை காலை, கையிலிருந்த டீ ஆறுவதற்குள் அனிமேட்டர் தன் மனைவிக்கு ஓர் அரசாணை பிறப்பித்தார்.

"இதோ பாரு. இப்ப அந்த ரூமுக்குள்ள போறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வெளிய வருவேன். நடுவுல கேஸ் தீர்ந்துச்சு, குழாய் ஒழுகுது, பல்பு போச்சுன்னு யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. வீடே பத்தி எரிஞ்சாலும் சரி."

"வீடு எரிஞ்சா நீங்களும் உள்ளதானே இருப்பீங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"சரி சரி. இந்தத் தடவை என்னது?"

"மரவட்டை."

"எத்தனை கால்?"

"அறுபது!" என்றார் அனிமேட்டர், அறுபதையும் தானே பெற்று வளர்த்தவர் போல.

விஷயம் இதுதான். ஒரு ஷூ கடைக்கு விளம்பரப் படம். மரவட்டை ஒன்று அறுபது காலிலும் ஷூ மாட்டிக்கொண்டு கடையை விட்டு ஜம்மென்று நடந்து வர வேண்டும். கார்ட்டூன்களைக் கம்ப்யூட்டரில் நடக்க வைப்பது நம் ஆளுடைய தொழில். அந்த மென்பொருளில் ஒவ்வொரு காலும் ஒரு தனித் தாள் மாதிரி இருக்கும், அதற்கு லேயர் என்று பெயர். எந்த நொடியில் எந்தக் கால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கீழே ஓடும் கோட்டில் ஒவ்வொன்றாகப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளி பார்க்கச் சின்ன வைரம் மாதிரி இருக்கும். பத்து வருஷமாக இவர் அந்த வைரத்தை வைத்துக்கொண்டே இருக்கிறார்.

"ஒரு காலுக்கு ஒரு எட்டுக்கு அஞ்சு வைரம். பத்து எட்டுக்கு அம்பது. அறுபது காலுக்கு மூவாயிரம்! நினைச்சுப் பாரு."

பள்ளிக்கூடத்தில் கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவர்தான். வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க வேண்டுமென்றால் மட்டும் பெருக்கல் அப்படி வரும்.

மனைவி டம்ளரை வாங்கிக்கொண்டாள். "அப்ப என் பொம்மை?"

"எந்தப் பொம்மை?"

"எட்டு மாசமா கேட்டுட்டிருக்கேனே, அந்தப் பொம்மை."

மனைவி ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். காலை ஏழரைக்குப் போனால் இரண்டு மணிக்குத் திரும்புவாள். முழங்கால் ஆபரேஷன் ஆனவர்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்து, வீட்டில் பார்த்துச் செய்ய அவளே பென்சிலால் படம் வரைந்து கொடுப்பாள். வைத்தியத்தில் கெட்டிக்காரி. ஆனால் வரைவது மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. போன வருஷம் ஆபரேஷன் ஆன பஸ் டிரைவர் ஒருவர், அவள் படத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நீட்ட வேண்டிய காலை மூன்று வாரம் மடக்கிக்கொண்டே இருந்துவிட்டார். வீங்கிய முழங்காலோடு வந்து, "நீங்க சொன்னபடியேதாம்மா செஞ்சேன்" என்று அவர் சொன்னபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேட்டதுதான்: காலை எப்படி நீட்டுவது என்று ஒரு பொம்மை செய்து காட்டுகிற மாதிரி ஒன்பது குட்டிப் படங்கள். அனிமேட்டரும் பொம்மையை அழகாக வரைந்து கொடுத்தார். அத்தோடு சரி. பொம்மை எட்டு மாசமாக நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறது.

"சனிக்கிழமை காலையில எங்க செக்‌ஷன்ல டிவி மாட்டறாங்க. அதுக்குள்ள என் படம் போகலைன்னா பெரிய டாக்டர் வேற ஏதோ வீடியோ போடப்போறார். பென்சில் மாதிரி ஒரு பொண்ணு கடற்கரையில குதிச்சுக் குதிச்சுச் செய்யறா. அதைப் பார்த்து என் டிரைவர் அண்ணன் குதிச்சார்னா அவ்வளவுதான், மறுபடியும் ஆபரேஷன்."

"உன் பொம்மைக்கு ரெண்டே காலுதானே? அப்புறம் பார்த்துக்கலாம்."

"அந்த ஏஐகிட்ட கேட்டா சீக்கிரம் முடியும்னு சொல்றாங்களே?"

அனிமேட்டர் நிமிர்ந்தார். போன மாசம்தான் மனைவியின் சகாக்கள் எட்டுப் பேர் முன்னால் அவர் ஒரு பிரசங்கமே செய்திருந்தார். "அதுக்குக் கை கிடையாது, கண்ணு கிடையாது. நடையைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்? என் பிணத்து மேல ஏறித்தான் அது என் கம்ப்யூட்டருக்குள்ள வரணும்" என்று.

அதையே மறுபடி சொன்னார். மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

பிணத்து மேல் ஏறும் படலம் பத்தே காலுக்கு நடந்தது.

காலை எட்டிலிருந்து உட்கார்ந்து நம் ஆள் நாலு காலை முடித்திருந்தார். நாலுதான். இன்னும் ஐம்பத்தாறு பாக்கி. ஐந்தாவது காலுக்கு வைரம் வைக்கக் குனிந்தபோது கழுத்தில் 'களுக்' என்று ஏதோ ஒன்று இடம் மாறியது. தேய்த்துக்கொண்டே இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். வீட்டில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

ஏஐயின் பக்கம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. வந்தபோதே இருந்த சாமான் போலிருக்கிறது என்று அவர் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை.

மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். 'வணக்கம். என்னிடம் அறுபது கால்கள் இருக்கின்றன' என்று தட்டினார்.

அது கொஞ்சமும் பதறவில்லை. 'முதல் காலை மட்டும் நீங்கள் கையால் நடக்க வையுங்கள். மற்ற ஒவ்வொரு காலும் தனக்கு நேர் மேலே இருக்கும் லேயரைப் பார்த்து, அது செய்வதையே கொஞ்சம் தாமதமாகச் செய்யட்டும்' என்று சொல்லி மூன்றே வரி எழுதிக் கொடுத்தது. அந்த மாதிரி வரிகளுக்கு எக்ஸ்பிரஷன் என்று பெயர். லேயருக்குள் ஒட்டிவிட்டால் அது தானாகவே கணக்குப் போட்டுக்கொள்ளும், வைரமே வேண்டாம். அடியில் 'கவனிக்க' என்று ஆரம்பித்து நாலு வரி இருந்தது. யார் அதையெல்லாம் படிப்பது!

முதல் காலை விட்டுவிட்டு மற்ற ஐம்பத்தொன்பதிலும் அதை ஒட்டினார். எண்களெல்லாம் சிவப்பாக மாறின, வரி பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். ஓட விட்டார்.

மரவட்டை நடந்தது.

அடடா, என்ன நடை! முதல் காலில் கிளம்பிய அசைவு அலை மாதிரி கடைசிக் கால் வரை போயிற்று. தாமதத்தைக் குறைத்தால் ஓடியது, கூட்டினால் மாப்பிள்ளை ஊர்வலம் போனது. அனிமேட்டர் நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தார். அடுத்த நிமிஷமே துக்கமும் வந்தது. பத்து வருஷம் கண் பூத்துப் போக வைத்த வைரமெல்லாம் மூன்று வரிக்குள் அடக்கம் என்றால் யாருக்குத்தான் வலிக்காது? பிறகு மணி பார்த்தார். பதினொன்று ஐந்து.

பதினொன்று ஐந்து! வெள்ளிக்கிழமை வரை நாலரை நாள் இருக்கிறது!

துக்கம் போன இடம் தெரியவில்லை.

ஆனால் ஒரு சிக்கல். இரண்டு மணிக்கு மனைவி வந்துவிடுவாள். ரூம் கதவில் ஒரு சாண் கண்ணாடி உண்டு. உள்ளே மனிதன் தூங்குவது தெரிந்தால் மானம் போகும். மானம் போனால் போகட்டும், பொம்மை வேலை வந்து சேரும், அதற்குப் பின்னால் குழாய் வரும், பல்பு வரும். 'அறுபது கால்' என்று சொல்லித் தப்பிக்கிற வசதி ஆயுசுக்கும் போய்விடும்.

நம் ஆள் அனிமேட்டர் அல்லவா? ஒரு படம் எடுத்தார். தன் கம்ப்யூட்டர் திரையையே படம் பிடித்து, அதன் மேல் ஓர் அம்புக்குறியை வரைந்து, மறுபடி ஏஐயிடம் போனார். 'ஒரு மனிதன் மும்முரமாக வேலை செய்கிற மாதிரி இந்த அம்புக்குறி அலைய வேண்டும். நடுநடுவே நின்று யோசிக்க வேண்டும். ஒன்றே முக்காலுக்குள் முடிய வேண்டும், மனைவி வருகிறாள்.' அது அதையும் எழுதிக் கொடுத்தது. யோசிக்கிற நேரம் இயற்கையாக இல்லை என்று ஏழு தடவை திருத்தச் சொன்னார். பாவம், மரவட்டைக்குக்கூட இவ்வளவு மெனக்கெடவில்லை. வேர்க்க விறுவிறுக்க உழைத்து, வேலை செய்யாமல் இருப்பதற்கான வேலையை ஒன்று நாற்பதுக்கு முடித்தார். அதைத் திரை முழுக்க ஓடவிட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி நாற்காலியில் சாய்ந்து, மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பது பூனையின் கட்சி.

மனைவி கதவைத் தட்டியபோது மணி மூன்று.

"டீ."

"உள்ள வை. எத்தனையாவது காலில இருக்கேன் தெரியுமா? பதினொண்ணு!"

"ஐயோ பாவம். ரெண்டு கையாலயும் பிடிங்க, சூடு."

இரண்டு கையாலும் பிடித்தார். அவள் டம்ளரைப் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். அவர் முதுகுக்குப் பின்னால் திரையில் அம்புக்குறி பன்னிரண்டாவது காலுக்குப் போய், நின்று, யோசித்து, வைரம் தேடிக்கொண்டிருந்தது.

"கஷ்டமான வேலைதாங்க" என்றாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து அவள் காட்டிய கரிசனம் இருக்கிறதே, கல்யாணமான புதிதில்கூட அவருக்குக் கிடைக்காதது. வேளாவேளைக்கு உள்ளேயே சாப்பாடு. கதவை மெதுவாகத் திறந்து மெதுவாகச் சாத்தினாள். முதல் நாள் நம் ஆள் உச்சி குளிர்ந்து போனார். இரண்டாம் நாள் போரடித்தது. எவ்வளவுதான் தூங்குவது? புதன்கிழமை டிவியில் ஃபுட்பால் ஃபைனல். மெல்லக் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்னங்க, என்ன வேணும்?" சமையலறையிலிருந்து உடனே குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் காலாற நடக்கலாம்னு..."

"அறுபது காலை உள்ள விட்டுட்டு ரெண்டு காலுக்கு நடையா? வேலை கெட்டுப்போயிடும். உள்ள போங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் டிவி..."

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு டிவி ஒயரை அப்பவே பிடுங்கி வெச்சுட்டேன்."

"ஃபைனல்மா!"

"வீடே பத்தி எரிஞ்சாலும் கூப்பிடாதேன்னு சொல்லிட்டு, ஃபைனலுக்கு எழுந்து வர்றீங்களே. உங்க தொழில் பக்தி எங்க போச்சு?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? திரும்பி உள்ளே போனார். வியாழக்கிழமை பழைய லேப்டாப்பைக் கேட்டுப் பார்த்தார், அதிலாவது ஏதாவது பார்க்கலாமே என்று. அது சமையலறை மேஜையில் அவள் முன்னால் இருந்தது.

"அதுல நான் ஆஸ்பத்திரி வேலை பார்த்துட்டிருக்கேங்க. உங்களுக்கு எதுக்கு ரெண்டு கம்ப்யூட்டர்? கை ரெண்டுதானே இருக்கு?"

சொந்தச் செலவில் ஜெயில் கட்டி, உள்ளே போய், தாழும் போட்டுக்கொண்டாயிற்று. மரவட்டை நடந்தது. அம்புக்குறி உழைத்தது. அனிமேட்டர் கூரையில் இருந்த விரிசலை எண்ணினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஷூ கடைக்காரர் போன் செய்தார். நாலு மணிக்குப் படத்தைப் பார்க்க அவருடைய அண்ணன், தம்பி, மச்சான் எல்லோரும் கடையில் கூடுகிறார்கள்.

"எல்லாம் ரெடி சார்" என்றார் நம் ஆள் கம்பீரமாக.

"ஒரே ஒரு சின்ன மாத்தம். நாங்க இப்ப கைப்பையும் விக்கறோம். அந்தப் பூச்சி இடுப்புல ஒரு பை தொங்கினா நல்லாயிருக்கும்."

"மரவட்டைக்கு இடுப்பு எது சார்?"

"நடுவுலதான்."

ஐந்து நிமிஷ வேலை. அழகாக ஒரு பை வரைந்தார். இடுப்பு நடுவில்தானே? ஆகையால் முப்பதாவது கால் லேயருக்கும் முப்பத்தொன்றாவது கால் லேயருக்கும் நடுவில் செருகினார். பத்து வருஷமாக அப்படித்தான் செருகிக்கொண்டிருக்கிறார். ஓட விட்டார்.

முன்னால் முப்பது கால் ஜோராக நடந்தது. பின்னால் முப்பது கால் அப்படியே நின்றது. பாதி மரவட்டை மறு பாதியை இழுத்துக்கொண்டு போயிற்று. 'எங்கள் ஷூவைப் போட்டால் இடுப்புக்குக் கீழே விளங்காது' என்று விளம்பரம் செய்வது மாதிரி இருந்தது.

அனிமேட்டர் பையின் அளவை மாற்றினார், நிறத்தை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்து மூட்டினார். பின்னங்கால்கள் அசைந்தால்தானே! கையால் வைரம் வைக்கலாம் என்றால் முப்பது காலுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மணி மூன்று இருபது. பத்து வருஷமாக ஒரு கெடுவைக்கூடத் தவறவிடாத மனிதர். இன்றைக்கு அண்ணன், தம்பி, மச்சான் எல்லோர் முன்னாலும் பெயர் கெடப்போகிறது.

ஏஐயிடம் ஓடினார். 'ஐயா, காப்பாற்றுங்கள், பின்னங்கால் வரவில்லை' என்று தட்டினார்.

'மன்னிக்கவும். இன்றைய பயன்பாட்டின் அளவு முடிந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குப் பிறகு முயலவும்' என்றது அது.

முடிந்துவிட்டதா? எப்படி முடியும்? திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தைகூட அதனிடம் பேசவில்லையே. இந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால்...

கதவு படாரென்று திறந்தது.

சமையலறை மேஜையில் லேப்டாப். அதன் முன்னால் மனைவி, மூக்கின் நுனியில் கண்ணாடி. திரையில் எட்டு மாசமாக உட்கார்ந்திருந்த அந்தப் பொம்மை நாற்காலியில் இருந்தபடியே காலை நிதானமாக நீட்டியது, ஐந்து எண்ணியது, மெல்ல இறக்கியது.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"இதுக்கு... யாரு வைரம் வெச்சது?"

"யாரும் வைக்கல. தொண்ணூறு டிகிரியிலேருந்து நேரா நீட்டு, அஞ்சு எண்ணு, மெதுவா இறக்கு, பத்து தடவை. இதைத்தானே நாள் முழுக்க வாய் வலிக்கச் சொல்லிட்டிருக்கேன்? அதையே அதுகிட்டயும் சொன்னேன். கணக்கா எழுதிக் குடுத்துடுச்சு. நோயாளிங்களை விட நல்லாச் சொன்ன பேச்சுக் கேக்குது."

"எது?"

"கை கிடையாது, கண்ணு கிடையாதுன்னீங்களே, அது."

அனிமேட்டர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு. அந்த ஏஐ என்னோட பேர்லதாங்க இருக்கு. நோயாளிங்களுக்குச் சீட்டு எழுத நான்தான் உங்க கம்ப்யூட்டர்ல திறந்து வெச்சேன். நீங்க அதுல பேசினது பூரா என் போன்லயும் வரும். டிரைவர் அண்ணன் முட்டியை மடக்கி வெச்சுட்டு, சீட்டு எடுக்கலாம்னு போனைத் திறக்கறேன். 'மரவட்டையின் அறுபது கால்கள்'னு தலைப்பு. கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்த்தா 'மும்முரமாக வேலை செய்யும் அம்புக்குறி'. அண்ணன்தான் கண்ணாடி போட்டுக்கிட்டு சத்தமாப் படிச்சார்."

"சத்தமாவா?"

"வலியை மறந்து எல்லாரும் கேட்டாங்க. 'ஒன்றே முக்காலுக்குள் முடிய வேண்டும், மனைவி வருகிறாள்' வந்தப்போ, பாவம், முந்தின நாள்தான் ஆபரேஷன் ஆனவர்கூட எழுந்து உட்கார்ந்துட்டார்."

"அதை நம்பியா..."

"நம்பாமதான் டீயோட வந்து பார்த்தேன். உங்க கை ரெண்டும் டம்ளர்ல இருக்கு, அம்பு பாட்டுக்கு வேலை செய்யுது. திரையில பதினொண்ணாவது காலுக்கு நேரா ஒரு வைரம்கூட இல்ல. கல்யாணம் ஆனதுலேருந்து நான் வைரம்னு பார்த்ததே உங்க திரையிலதாங்க. அது இல்லைன்னா எனக்குத் தெரியாதா?"

"அப்பவே கேட்டிருக்கலாமே!"

மனைவி கண்ணாடியைக் கழற்றினாள். "கேட்டிருந்தா வெளிய வந்திருப்பீங்க. வந்தா லேப்டாப்பை எடுத்துட்டுப் போயிருப்பீங்க. பொம்மைக்கு மறுபடி 'அப்புறம்'னு சொல்லியிருப்பீங்க. எட்டு மாசமா அந்த வார்த்தையைக் கேட்டு அலுத்துப்போச்சுங்க எனக்கு. எனக்கு வேண்டியிருந்தது நாலு நாள், தொந்தரவு இல்லாம. அதை நீங்களாவே குடுத்தீங்க."

அனிமேட்டருக்குக் காது மடல் சூடாயிற்று. வாதாட நேரம் இல்லை, மணி மூன்றரை.

"என்னைத் திட்டறதை அப்புறம் வெச்சுக்க" என்றார், அந்த 'அப்புறம்' வாயிலிருந்து விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "என் மரவட்டைக்குப் பின்னங்கால் வரல. நாலு மணிக்குக் காட்டணும். உன் ஏஐ வேற அஞ்சு மணிக்குத்தான் வாயைத் திறக்குமாம்."

மனைவி எழுந்து அவர் ரூமுக்கு வந்து திரையைப் பார்த்தாள். நோயாளியைப் பார்க்கிற பார்வை.

"எங்க வரைக்கும் நல்லாயிருக்கு?"

"முப்பதாவது கால் வரைக்கும்."

"அங்க புதுசா என்ன வெச்சீங்க?"

"ஒரு பை."

"அவ்வளவுதான். ஒவ்வொரு காலும் தனக்கு மேல இருக்கறதைப் பார்த்துத்தானே நடக்குது? முப்பத்தொண்ணாவது கால் மேல பார்க்குது, பை தொங்குது. பை நடக்குமா? அதனால அது நிக்குது. அதைப் பார்த்து அதுக்கு அடுத்தது நிக்குது. நானும் முந்தாநாள் பொம்மையோட தொடை லேயருக்கும் கெண்டைக்கால் லேயருக்கும் நடுவுல நாற்காலியைக் கொண்டுபோய் வெச்சுட்டு ஒரு மணி நேரம் முழிச்சேன். 'கவனிக்க'ன்னு அடியில தெளிவா எழுதியிருக்கு. யாரு படிக்கறா? பையை எடுத்து எல்லாத்துக்கும் மேல வைங்க."

எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார்.

அறுபது காலும் நடந்தன. இடுப்பில் பை ஆடியது. அனிமேட்டர் விட்ட பெருமூச்சில் மேஜை மேலிருந்த காகிதம் ஒன்று பறந்து போய்க் கீழே விழுந்தது. மூன்று ஐம்பதுக்குப் படம் கடைக்குப் போயிற்று. நாலே காலுக்கு ஷூ கடைக்காரர் போன் செய்து, அண்ணன் சிரித்தார், தம்பி சிரித்தார், ஒரு நாளும் சிரிக்காத மச்சானே சிரித்தார் என்று சொன்னார்.

போனை வைத்தபோது நம் ஆளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. வேலை முடிந்தது என்பதால் மட்டும் இல்லை. இனிமேல் அந்தப் பாழும் அம்புக்குறிக்கு முன்னால் உட்கார வேண்டாம், பன்னிரண்டாவது கால், பதிமூன்றாவது கால் என்று புளுக வேண்டாம். பொய்யைச் சுமப்பது மூவாயிரம் வைரத்தை விடப் பெரிய பாரம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாத்தையும் அந்த மெஷினே செஞ்சுடுச்சு இல்ல? இனிமே என்னை எதுக்கு வேணும்?" என்று கேட்டார், கொஞ்சம் பாவமாக.

"பொம்மையை யாரு வரைஞ்சது? நான் வரைஞ்சா அண்ணன் மறுபடியும் தலைகீழாப் பண்ணுவார்" என்றாள் மனைவி. "நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாங்க. உங்க பொம்மை டிவியில வருது. நீங்க பார்க்கணும்."

அவருக்கு அப்படியே மனசு குளிர்ந்து போயிற்று. டிவி ஒயரை அவரே மாட்டினார். ஃபைனல் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது, அது வேறு விஷயம்.

சனிக்கிழமை காலை இஸ்திரி போட்ட சட்டையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நீளமான அறை. சுவரோரம் பத்துப் பன்னிரண்டு நாற்காலி, ஒவ்வொன்றிலும் கட்டுப் போட்ட ஒரு முழங்கால். முன்னால் புது டிவி. பெரிய டாக்டர் பொத்தானை அமுக்கினார். பொம்மை காலை நீட்டியது. அறையில் இருந்த அத்தனை காலும் அதோடு சேர்ந்து நீண்டன, ஐந்து எண்ணின, மெல்ல இறங்கின. முன் வரிசையில் காக்கிச் சட்டை போட்ட டிரைவர் அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு காலைச் சரியாக, நேராக, அழகாக நீட்டிக்கொண்டிருந்தார். வாசல் ஓரம் அனிமேட்டருக்குப் பக்கத்தில் மனைவி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அனிமேட்டருக்கும்தான். பெரிய டாக்டர் திரும்பி, "கடற்கரைப் பொண்ணு வேண்டாம்மா, இதுவே போதும்" என்றார்.

ஒன்பது படமும் முடிந்தன. அனிமேட்டர் கை தட்டத் தயாரானார். பத்தாவது ஒன்று ஆரம்பித்தது.

"ஒன்பதுதானே?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"நேரம் மிச்சமிருந்தது" என்றாள் அவள், டிவியைப் பார்த்தபடி.

'கழுத்து வலி வராமல் இருக்க: இப்படி உட்காரக் கூடாது' என்று எழுத்து வந்தது. அதே பொம்மைதான். மேலே ஒரு வட்டம் ஒட்டி வழுக்கை, நடுவில் ஒரு வட்டம் ஒட்டித் தொப்பை. பொம்மை கம்ப்யூட்டர் முன்னால் மவுஸின் மேல் கையை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தது. எதிரே திரையில் ஓர் அம்புக்குறி மும்முரமாக வேலை செய்தது. பொம்மையின் தலை முன்னால் சரிந்தது, இன்னும் சரிந்தது, மோவாய் மார்பைத் தொட்டதும் வாய் திறந்துகொண்டது. ஓரத்தில் கோணம் ஓடியது: ஐம்பத்திரண்டு டிகிரி. சாப்பாடு வைக்கும்போதெல்லாம் மனைவி நாலு நாள் அளந்த கோணம்.

அறையே சிரித்தது. ஒவ்வொரு தலையாகத் திரும்பி வாசலைப் பார்த்தது. அனிமேட்டர் தன்னையறியாமல் கழுத்தை விறைப்பாக நிமிர்த்தினார்.

டிரைவர் அண்ணன் அவரை மேலும் கீழும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"அப்படித்தான் சார். அப்படியே வெச்சு அஞ்சு எண்ணுங்க. பத்து தடவை."